ஒரு வளவில் இரண்டு உலை

கடலுக்குப் பயந்திருக்கிறேன், துவக்குச் சூட்டுக்கும் பயந்திருக்கிறேன். சாய்ந்தமருதில் பிறந்து ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் இருந்தவளுக்கு அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. ஆனால் சுவரில் ஒட்டிய கடதாசியைக் கண்டு பயந்தது இந்த வருசம்தான்.

ஜீ.எஸ். என்கிற கிராம சேவகரின் ஒபிஸ் வெளிச்சுவரில் அஸ்வெசும பட்டியலை ஒட்டியிருந்தார்கள். எங்கள் பிரிவில் இம்முறை அந்த அரசாங்க நிவாரணம் கிடைக்கப்போகிறவர்களின் பெயர்கள். பெண்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். பெயர் இருந்தவள் சத்தம் காட்டாமல் நழுவினாள், இல்லாதவள் அரசாங்கத்திலிருந்து ஜீ.எஸ். வரைக்கும் ஏசினாள். என் பெயர் இருந்தது. பஸ்லியா, கணவர் கச்சிமுகம்மது, வீட்டு இலக்கம், எல்லாம் சரி. அல்ஹம்துலில்லாஹ் என்று வாயால் சொல்லி முடிப்பதற்குள் கண் அடிவரிக்குப் போய்விட்டது. இந்தப் பட்டியலில் உள்ள எவர்மீதும் யாரும் குறித்த நாளுக்குள் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்று எழுதியிருந்தது.

யாரும் என்றால் யார்? அந்த இடத்திலேயே திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் என் வீடு தெரியும்.

என் வீடு மாடி வீடு. இதைச் சொன்னதும் உங்களுக்கும் கோபம் வரும், மாடியில் இருந்துகொண்டா இவள் நிவாரணம் எடுக்கிறாள் என்று. கொஞ்சம் பொறுங்கள். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் பேசுவார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பார். பெற்றவர்கள் கட்டிய வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் பத்தி என்று ஒரு சாய்ப்பை இறக்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். என் உம்மாவும் வாப்பாவும் எனக்குக் கொடுத்துவிட்டு அப்படித்தான் ஒதுங்கினார்கள். நான் என் ஒரே மகள் நப்லாவுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கினேன். மேல்தட்டுக்குக் கொங்கிரீட் பிளேட் போட்டது என் தம்பி இன்பாஸின் காசு. தன் மருமகளின் சீதன வீடு மாடியாக இருக்கவேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆக, ஒரே வளவுக்குள் முன்பக்கம் டைல்ஸ் போட்ட நப்லாவின் வீடு. பின்பக்கம் தகரம் போட்ட எங்கள் பத்தி. ரோட்டால் போகிறவனுக்கு முன்பக்கம்தானே தெரியும்?

என் புருசன் சம்மாந்துறை வயல்களில் உழவு மெசின் ஓடினவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி மூன்று வருசம். திங்களும் வியாழனும் கல்முனை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கிறார்கள். அதற்குக் காசு இல்லை, அல்லாஹ் அவர்களுக்கு நல்லது செய்யட்டும். ஆனால் போய்வர ஓட்டோவுக்குக் கொடுக்கவேண்டும், ரத்தம் ஊறுவதற்குப் போடும் ஊசியைச் சில மாதங்களில் வெளியில் வாங்கவேண்டும். நிவாரணக் காசு வந்த கையோடு அதற்குத்தான் போகும். போன நோன்பு மாதம் கையில் காசில்லாமல் ஊசி நின்றது. கக்கூசுக்குப் போகும் பதினைந்து அடி தூரத்தில் மனிசன் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். அதைப் பார்த்தவள் நான். மருமகன் அஹ்ஸன் கட்டாரில் வாகனம் ஓடுகிறான், இல்லையென்று சொல்லவில்லை. அவனுடைய ஊர் ஒலுவிலில் அவனுக்கும் இரண்டு தங்கச்சிமார், அவர்களுக்கும் வீடு எழும்பவேண்டும். அவனிடம் கை நீட்ட என் புருசன் செத்தாலும் சம்மதிக்கமாட்டார்.

வீடு பிரிந்ததே தவிர உலை பிரியவில்லை. காலையில் எழும்பினால் நான் முன்வீட்டுக் குசினிக்குத்தான் போவேன். நானும் நப்லாவும் ஒரே பானையில் சோறு போட்டு, ஒரே சட்டியில் கறி வைத்து, நாங்கள் இரண்டு பேர், அவள் ஒருத்தி என்று சாப்பிடுவோம். ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் நடப்பு. தாயும் மகளும் உலை பிரித்தால் அங்கே சண்டை என்று அர்த்தம்.

விண்ணப்பத்தில் நானும் புருசனும் தனிக் குடும்பம் என்றுதான் எழுதியிருந்தேன். பொய்யென்று நினைத்து எழுதவில்லை. வீட்டைக் கொடுத்தாயிற்று, மகள் தனிக் குடும்பம்தானே! உலையைப் பற்றி அப்போது யார் நினைத்தார்கள்?

பட்டியல் ஒட்டிய நேரம் உள்ளூராட்சி சபைத் தேர்தல் காலம். என் தம்பி இன்பாஸ் ஒரு கட்சிக்கு இந்தப் பக்கத்து அமைப்பாளன். என் புருசனின் தம்பி பஸால் மற்றக் கட்சியின் வேட்பாளன். இன்பாஸ் தனியார் கம்பனியில் பெரிய வேலை, பஸால் மீன் வியாபாரம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இரண்டு பேரும் நோயாளியைப் பார்க்க வருவார்கள். வந்து நோயாளியின் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் இருந்துகொண்டு நாட்டைத் திருத்துவார்கள்.

"மாசாமாசம் சம்பளத்துல வரி வெட்டுறாங்க. நான் குறை சொல்லல்ல" என்பான் இன்பாஸ். "நாடு விழுந்து கெடந்த நேரம் பெற்றோலுக்கு மூணு நாள் லைன்ல நிண்ட நாங்கதானே. ஆனா என்ட வரிக்காசு தேவையில்லாதவன்ட கைக்குப் போகக்கூடாது. கார் வெச்சிருக்கிறவன்ட பேர் லிஸ்ட்ல இரிக்கி. அடுத்த வீட்டு சபியா உம்மாட பேர் இல்ல. இது ஞாயமா?"

"நீ மட்டுமா வரி கட்டுற?" பஸால் விடமாட்டான். "பால்மாவுல வரி, சவுக்காரத்துல வரி, போன் கார்ட்டுல வரி. என்னட்ட மீன் வெட்டுற பொம்புளையும்தான் கட்டுறாள். ஏழைக்குக் குடுக்கிற நேரம் மட்டும் உங்கட ஆக்களுக்குக் கணக்குப் பாடம் ஞாபகம் வந்திரும்."

"எல்லாருக்கும் குடுப்பம், எல்லாருக்கும் குடுப்பம் எண்டு சொல்லித்தானே நாட்டைக் கடன்ல தாட்டின?"

"கடன் வாங்கித் திண்டது ஏழையா?"

ஒருவன் கதைக்கும்போது அவன் சொல்வது சரிபோல இருக்கும். மற்றவன் வாயைத் திறந்தால் அதுவும் சரிபோல இருக்கும். நடுவில் கிடக்கிற மனிசன் கண்ணை மூடிக்கொண்டு நித்திரை போல நடிப்பார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இரண்டும் நல்ல பிள்ளைகள், வாய்தான் கொஞ்சம் நீளம் என்று நினைத்திருந்தேன்.

பட்டியல் ஒட்டி ஐந்தாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தியில் பஸாலின் கூட்டம். ஒலிபெருக்கியை எங்கள் ஒழுங்கைப் பக்கம்தான் கட்டியிருந்தார்கள். நான் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"தகுதி இல்லாதவனை வெட்டுவம் எண்டு சொல்றாங்களே, அந்தக் கட்சிட அமைப்பாளர்ட கூடப்பிறந்த ராத்தா மாடி வீட்டுல இரிந்துகொண்டு அஸ்வெசும எடுக்கிறா! முதல்ல அதை வெட்டிக் காட்டுங்க பாப்பம்!"

கைதட்டல் கேட்டது. மீன் கையிலிருந்து வழுகிச் சட்டிக்குள் விழுந்துவிட்டது. என் புருசனுடன் கூடப் பிறந்தவன் அவன். பின்பக்கத்துப் பத்தியை வந்து பார்த்தவன், அந்தத் தகரத்துக்குக் கீழே இருந்து என் கையால் சோறு சாப்பிட்டவன்.

அடுத்த நாள் காலை பஸால் மீன் பையோடு வந்தான். "மச்சி, அது மேடைக் கதை. மனசுல வெக்காதீங்க. இன்பாஸுக்கு ஒரு அடி குடுத்தன், அவ்வளவுதான். நாங்க வந்தா எல்லாருக்கும்தானே குடுக்கப்போறம்." பையில் நல்ல பாரை மீன் இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டேன். வாங்காமல் விட்டால் இன்னொரு மேடையில் என்ன சொல்வானோ என்ற பயம்.

அதிலிருந்து மூன்றாம் நாள் அதே சந்தியில் இன்பாஸின் கூட்டம். அதே ஒலிபெருக்கிக்காரன்தான்.

"என்ட ராத்தாட பேரைச் சொன்னாங்க. கேளுங்க! அந்தப் பேருக்கு எதிரா நானே கைப்பட ஆட்சேபனை எழுதிக் குடுத்திட்டன். எங்களுக்கு உறவு வேற, நீதி வேற!"

இதற்குக் கைதட்டல் இன்னும் பெரிதாக இருந்தது. பத்திக்குள் என் புருசன் அஸர் தொழுகையை முடித்துவிட்டு அப்படியே முசல்லாப் பாயில் இருந்தார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

நான் இன்பாஸுக்குப் போன் எடுத்தேன். கூட்டத்துச் சத்தத்துக்குள் எடுத்தான்.

"தம்பி, அந்தப் பிளேட்டைப் போட்டது நீதானேடா? வீடு ஆர்ட பேர்ல இரிக்கி எண்டு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் ராத்தா. அதாலதான் வேற வழியில்ல. நான் பேசாம இரிந்தா கட்சிக்கே கெட்ட பேர். இது பெரிய காரியம் இல்ல. ஒபிசர் வந்து பாப்பாங்க, நீங்க தகுதி எண்டா விட்டிருவாங்க. பயப்பட என்ன கெடக்கு?"

என்ன கெடக்கு என்று கேட்டான். நான் போனை வைத்துவிட்டு, குளிர்ப்பெட்டியில் மிச்சமிருந்த ஊசிக் குப்பிகளைப் போய்ப் பார்த்தேன். எண்ணுவதற்கு ஒன்றும் அதிகம் இருக்கவில்லை.

ஜீ.எஸ்ஸிடம் வீட்டு உறுதிப் பத்திரத்தின் போட்டோகொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நல்ல மனிசன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். "ராத்தா, உறுதி ஆர்ட பேர்ல எண்டு மட்டும் பாக்கிறல்ல. ஒரு உலையில சாப்பிட்டா ஒரு குடும்பம். மகளும் நீங்களும் ஒண்டாத்தான் சமைக்கிற எண்டா, மாடியும் கட்டார் சம்பளமும் உங்கட கணக்குலதான் வரும்."

திரும்பி வரும்போது வெயில் கண்ணைக் குத்தியது. உலையைக் கேட்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லையே! வீட்டை எழுதிக் கொடுத்தேன், நகையைக் கொடுத்தேன், உலையை மட்டும் பாசத்தில் பிரிக்காமல் விட்டேன். அதுவே கழுத்தில் வந்து நிற்கிறது.

வீட்டுக்கு வந்து நப்லாவிடம் சொன்னேன். அவளுக்கு எட்டாம் மாதம். முதலில் சிரித்தாள்.

"உம்மா, பைத்தியமா? நீங்க வெச்சித் தராம நான் சாப்பிட்ட நாள் இரிக்கா?"

"கொஞ்ச நாளைக்குத்தான், மகள். ஒபிசர் வந்து போகும் வரைக்கும். ஊரும் நம்பணும். நாம கோவம் எண்டு ஊர் நினைக்கணும்."

சிரிப்பு நின்றது. "வாப்பாட ஊசிக்கா?"

"ஓம்."

"அப்ப சரி" என்றாள். வயிற்றைத் தடவிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

புருசன்தான் மறுத்தார். "பொய் சொல்லி எடுக்கிற காசுல ஊசி போட்டு, அந்த உடம்போட நான் எப்பிடித் தொழுற?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உடம்பு இரிந்தாத்தானே தொழுகை! நீங்க மௌத்தாப் போனா நானும் தனி உலைதான். அப்ப ஆரும் வந்து விசாரிக்கமாட்டாங்க" என்று கத்திவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கத்தினதை நினைத்து இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

பத்திக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். பானையும் சட்டியும் வேறாக்கினேன். தேங்காய் துருவுவதற்கு முன்வீட்டுக்குப் போவதைக்கூட நிறுத்தினேன். வேலியோரம் நின்று நப்லாவை இரண்டு முறை சத்தம் போட்டு ஏசினேன், அவளும் திருப்பி ஏசினாள். இரண்டாம் முறை அவளுடைய குரல் உடைந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று, உண்மையான சண்டை போலவே இருந்தது.

பக்கத்து வளவு சபியா உம்மாவுக்குத்தான் நான் கூடப் பயந்தேன். புருசன் இல்லாத மனிசி, இடியப்பம் அவித்து விற்றுச் சீவிக்கிறா. அவவின் பெயர் பட்டியலில் இல்லை. எனக்கு இருந்து அவவுக்கு இல்லாதது ஞாயமில்லை என்று எனக்கே தெரியும். அதனால்தான் அவவின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டா.

"என்னகா பஸ்லியா, பொறத்தால புதுசாப் பொகை வருது?"

"ஒண்டுமில்ல மாமி. மகளுக்கும் எனக்கும் சரிவரல்ல."

"புள்ளத்தாச்சியோட என்னகா கோவம்?" அவ நின்று கொஞ்ச நேரம் என் அடுப்பைப் பார்த்தா. அவ ஒரு வார்த்தை ஒபிசில் சொன்னால் போதும்.

அதற்குப் பிறகு என் காது வேறு காதாகிவிட்டது. ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் திரும்பினால் கேட்கும். வளவு வாசல் கடப்படியில் யாரும் செருப்பைத் தேய்த்தால் கேட்கும். சட்டி கழுவும்போதும் தொழும்போதும் ஒரு கண் கடப்பில்தான் இருந்தது.

அடுப்பு மூட்டிப் பத்தாம் நாள் பகல் ஒபிசர் வந்தா. கிருசிகா என்று பெயர் சொன்னா. பெரியநீலாவணைப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். ஸ்கூட்டியை மாமரத்துக்குக் கீழே விட்டுவிட்டு, கையில் டெப்லட் ஒன்றோடு நேரே பின்பக்கம் வந்தா. அடுப்பைப் பார்த்தா. பானையின் மூடியைத் திறந்து எத்தனை பேருக்கு அரிசி போட்டிருக்கிறது என்று பார்த்தா. முன்வீட்டுக்குப் போய் நப்லாவின் குசினியையும் பார்த்தா. நப்லா என் முகத்தைப் பார்க்காமலே, நாங்கள் தனி என்று சொன்னாள்.

கடைசியில் கட்டிலடிக்கு வந்தா. "ஐயா, நீங்க சொல்லுங்க. மகளும் நீங்களும் ஒண்டாவா சமைச்சுச் சாப்பிடுறீங்க?"

என் புருசன் பொய் சொன்னதை முப்பது வருசத்தில் நான் கேட்டதில்லை. கடனுக்குச் சாமான் கேட்கப் போனால்கூட, திருப்பித் தர முடியுமோ தெரியாது என்று சொல்லிவிட்டுக் கேட்கிற மனிசன். அவர் தன் இடது கையைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கை. பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். நான் என்ன முகத்தோடு நின்றேனோ தெரியாது.

"தனியத்தான், மகள்" என்றார்.

கிருசிகா டெப்பில் தட்டினா. போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னா. "பயப்படாதீங்க அக்கா, இப்போதைக்குச் சரி. ஆனா ஆட்சேபனை வந்த வீடு. திரும்பவும் பாக்க வருவாங்க. சொல்லிப்போட்டு வரமாட்டாங்க. நானோ வேற ஆளோ தெரியாது."

ஆறுதலுக்குத்தான் சொன்னா. ஸ்கூட்டி சத்தம் மறைந்ததும் நான் அடுப்பு முன்னால் இருந்துவிட்டேன். கொஞ்ச நாளைக்கு என்று மகளுக்குச் சொன்னேனே, அந்தக் கொஞ்ச நாளுக்கு இனி முடிவே இல்லை. புருசன் அன்றைக்குப் பகல் சாப்பிட வரவில்லை. பகல் ளுஹர் தொழுதுவிட்டு அஸர் வரைக்கும் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் கிடந்தார்.

தேர்தல் வந்தது, போனது. இன்பாஸின் கட்சிக்கும் ஆட்சியமைக்கப் போதவில்லை, பஸாலின் கட்சிக்கும் போதவில்லை. இரண்டு வாரம் கொழும்புக்கும் ஊருக்குமாக ஓடித்திரிந்தார்கள். ஒரு நாள் இரண்டு கட்சியும் சேர்ந்து சபையை எடுத்துவிட்டன என்று பட்டாசு கொளுத்தினார்கள். அந்தச் சந்தோசத்துக்குக் கொடுத்த கந்தூரியில் என் தம்பியும் என் புருசனின் தம்பியும் ஒரே சஹனைச் சுற்றி இருந்து, ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுகிற படத்தை யாரோ பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். நப்லா அதை எனக்கு வட்சப்பில் அனுப்பினாள். ஒரு வளவுக்குள் முன்னாலிருந்து பின்னால் இருக்கிறவளுக்கு! கீழே ஒன்றும் எழுதவில்லை.

இன்பாஸுக்குப் போன் எடுத்தேன். "இனியாவது அந்த ஆட்சேபனையை எடுத்திரு, தம்பி."

"எழுதிக் குடுத்ததை எடுத்தா அது இன்னும் சந்தேகம், ராத்தா. விட்டிருங்க. சும்மா இரிந்தா அதுவா அடங்கும்."

அது அடங்கவில்லை. நப்லாவுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியது. தன்னந்தனியாகச் சமைத்து, கால் வீங்கி, முகம் வெளிறிப்போனாள். ஒரு நாள் காலை போனில் கேட்டாள். "உம்மா, புளியாணம் வெச்சா கொஞ்சம் தாங்களன். கனவுல கூட அதுதான் வருது."

சூடை மீன் போட்டு புளியாணம் காய்ச்சினேன். பகல் பன்னிரண்டு மணி, ஒழுங்கை வெறிச்சென்று கிடந்தது. கோப்பையில் ஊற்றி, முந்தானையால் மூடிக்கொண்டு முன்பக்கம் நடந்தேன். வீட்டுச் சுவர் முடிகிற இடத்துக்கு வந்தபோது கடப்படியில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஹெல்மட் போட்ட ஒரு ஆள். தோளில் பெரிய பை. கையில் வைத்திருந்த கடதாசியையும் எங்கள் வீட்டு இலக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

திரும்பப் பார்க்க வந்த ஒபிசர்தான் என்று நினைத்தேன். சுவருக்குப் பின்னால் வந்துவிட்டேன்.

அந்த நேரம்தான் நப்லா வெளிப்பக்கத்து மாடிப்படியில் இறங்கி வந்திருக்கிறாள், என்னைக் கண்டுவிட்ட அவசரத்தில். தொம் என்று ஒரு சத்தம். "உம்மா!" என்று கத்தினாள்.

இனிச் சொல்லப்போவதை நான் யாருக்கும் சொன்னதில்லை. என் மகள் கத்தியதும் நான் ஓடவில்லை. முதலில் கோப்பையை ஒளித்தேன். உடுப்புத் துவைக்கிற பேசனைத் தூக்கி, புளியாணம் ஊற்றுப்படாமல் அதற்குக் கீழே பத்திரமாக வைத்து மூடினேன். கடப்பை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் திரும்பினேன். படியடியில் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்த நப்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசனையும் பார்த்தாள்.

எனக்கு முந்திப் போய்ச் சேர்ந்தது சபியா உம்மா. கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு, கையில் இடியப்ப மாவோடு ஓடிவந்து என் மகளின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்தா. "ஓட்டோவுக்குக் கத்துகா! என்னத்தப் பாத்துக்கொண்டு நிக்கா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினா. ஹெல்மட்காரனும் பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தான். அஹ்ஸன் கட்டாரிலிருந்து ஓடர் பண்ணின பிள்ளைச் சட்டைகளைக் கொண்டுவந்த பார்சல்காரன் அவன்.

பிள்ளை அன்றிரவே பிறந்தது. பெண்பிள்ளை, தாய்க்கும் சேய்க்கும் குறையில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். நாற்பது நாளைக்குத் தாய்தான் மகளுக்குச் சமைத்துப் போடவேண்டும். பால் ஊறுவதற்குப் பால்சுறா வறை வைத்துக் கொடுக்கவேண்டும், பிள்ளைப்பேற்றுக் காய மருந்து இடித்துக் கொடுக்கவேண்டும். இதைச் செய்யாத உம்மா எங்கள் ஊரில் இல்லை.

அடுத்த நாள் விடிய எழும்பிச் சந்தைக்குப் போய்ப் பால்சுறா வாங்கிவந்தேன். மிளகும் உள்ளியும் கூடப் போட்டு வறுத்தேன். வாசம் வளவு முழுக்கப் பரந்தது. பரவட்டும் என்று நினைத்தேன். தாய் மகளுக்குச் சமைத்ததற்காக நிவாரணத்தை வெட்டுவதென்றால் வெட்டட்டும். புருசன் கட்டிலில் எழும்பி இருந்து, "கொண்டுபோய்க் குடு புள்ள" என்றார். பல நாளைக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தது அப்போதுதான்.

கோப்பையை மூடாமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நல்ல வெயிலில், நடு வளவால் நடந்தேன். முன்வாசல் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். நப்லா கொஞ்சம்தான் திறந்தாள். தோளில் பிள்ளை நித்திரை. அவளுக்குப் பின்னால் மேசையில் ஒரு கோப்பை இருந்தது, தின்று முடித்த சுறா முள்ளோடு.

"சபியா மாமி கொண்டந்து தந்திட்டா, உம்மா. நாற்பது நாளைக்கும் தானே சமைச்சித் தாறதாம்" என்றாள்.

"இதையும் சாப்பிடு மகள். உம்மா வெச்ச."

அவள் என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் காலைப் பிடித்தாவது அழுதிருப்பேன்.

"வேணாம். கொண்டுபோங்க உம்மா. ஆரும் கண்டா வாப்பாட ஊசி நிண்டிரும்."

"பரவால்ல மகள், நான் இனி ஒண்டுக்கும் பயப்பட..."

ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது. சொல்லை முடிக்காமல் நான் கடப்பைத் திரும்பிப் பார்த்தேன். மீன்காரப் பையன், நிற்காமல் போய்விட்டான்.

திரும்பியபோது நப்லா கதவைச் சாத்தியிருந்தாள்.